இயேசுவின் வழியில் ஒரு தணிக்கையாளர்

1919-ஆம் ஆண்டு லண்டனிலிருந்து தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழிலை மேற்கொண்ட ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸுக்கு அப்போது 27 வயது. நேர்த்தியாகத் தைத்த மேனாட்டு உடை, பழுதற்ற ஆங்கிலம், கையில் ஒரு கைத்தடி, எதிலும் ஒழுங்கு, எதிலும் நேரம் தவறாமை என்று நகரின் உயர்மட்ட வாழ்க்கையில் அவர் இயல்பாகப் பொருந்தினார். பத்தே ஆண்டுகளில் அவர் அந்தப் பெயரையும் உடையையும் தொழிலையும் துறந்தார். கடைசிவரை துறக்காமல் வைத்துக்கொண்டவை இரண்டு: தணிக்கையாளருக்குரிய கூர்ந்த பார்வை ஒன்று, இயேசுநாதரிடம் கொண்ட பக்தி மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தபோது உருவானவரையே நாடு பின்னர் ஜே.சி. குமரப்பா என்று அறிந்தது.

காந்திஜியின் பொருளாதாரச் சிந்தனையை விளக்கியவர் என்ற முறையில் குமரப்பாவைப் பலர் அறிவர். அவர் தம்மை முதலில் ஒரு கிறிஸ்தவராகவே கருதினார் என்பதையும், அவருடைய பொருளாதாரம் முழுவதும் அந்த நம்பிக்கையிலிருந்து கிளைத்தது என்பதையும் அறிந்தவர்கள் குறைவு.

தஞ்சையும் பம்பாயும்

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் அவர் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கார்னீலியஸ் பொதுப்பணித் துறையில் அதிகாரி. தாயார் எஸ்தர் ராஜநாயகம் ஆழ்ந்த பக்தி உடையவர். சம்பாத்தியத்தில் ஏழைகளுக்கு ஒரு பங்கு உண்டு என்பதைக் குழந்தைகள் மனத்தில் பதியவைத்தவர். தஞ்சை மண்ணில் கிறிஸ்தவம் அந்நியமாக இருந்ததில்லை. சரபோஜி மன்னரின் காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக இராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பிய ஊர் அது. ஆயினும் கார்னீலியஸ் குடும்பத்துப் பிள்ளைகள் பெற்ற கல்வி முற்றிலும் ஆங்கில முறையிலானது. சென்னையில் படிப்பு, பிறகு லண்டனில் கணக்காய்வுப் பயிற்சி, அங்கேயே வேலை. முதல் உலகப் போர் முடிந்ததும் தாயார் வற்புறுத்தி அழைத்திராவிட்டால் அவர் லண்டனிலேயே தங்கியிருக்கக்கூடும்.

பம்பாயில் அவர் தாவர் என்பவருடன் சேர்ந்து கார்னீலியஸ் அண்டு தாவர் என்ற தணிக்கை நிறுவனத்தை நடத்தினார். தாவர் வணிகக் கல்லூரியில் துணை முதல்வராகவும் பணியாற்றினார். அந்தப் பத்தாண்டுகளில் பம்பாய் அமைதியான நகரமாக இல்லை. பருத்தி ஆலைகளில் வேலைநிறுத்தம் அடுத்தடுத்து நிகழ்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தாராவியின் தோல் பதனிடும் கொட்டடிகளில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தொலைவில் மாதுங்காவில், அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகப் பணியாற்றிய தமிழர்கள் குடியேறிவந்தார்கள். தணிக்கையாளர் எதிரில் விரியும் ஏட்டில் இவர்கள் எல்லாரும் கூலி, சம்பளம் என்ற தலைப்புகளின்கீழ் வெறும் எண்களாகவே வந்து சேர்வார்கள். வரவுக்கும் செலவுக்கும் சான்றுச்சீட்டு இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பதோடு அவர் கடமை முடிந்துவிடுகிறது. அந்த லாபம் நியாயமானதா என்று கேட்க ஏட்டில் எந்தக் கட்டமும் இல்லை. இந்தக் கேள்வி பிற்காலத்தில் குமரப்பாவின் வாழ்க்கையையே ஆட்கொண்டது. ஆனால் பம்பாயில் அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தொழில் செழித்தது. வாழ்க்கை வசதியாக நடந்தது.

ஒரு மாற்றத்தை விரும்பி 1927-இல் அவர் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்று, பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். அங்கே ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி அவர் பேசிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதைப் படித்த பேராசிரியர் எட்வின் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கூறினார். பிரிட்டிஷ் ஆட்சியின் வரவு செலவுத் திட்டங்களைக் குமரப்பா ஒரு நிறுவனத்தின் ஏடுகளைப் போலத் தணிக்கை செய்யத் தொடங்கினார். நிலவரியும் உப்பு வரியுமாக ஏழைகளிடமிருந்து வசூலிக்கப்படும் பணம் இராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் இங்கிலாந்தில் செலுத்தப்படும் ஓய்வூதியங்களுக்கும் எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பது வரிக்கு வரி புலப்பட்டது. எஜமானரின் பணத்தைக் கையாளும் ஓர் அறங்காவலர் இப்படிக் கணக்கு எழுதினால் அவர் சிறைக்குச் செல்ல வேண்டியிருக்கும். ஓர் அரசு எழுதினால் அதற்கு நிர்வாகம் என்று பெயர்! ஆங்கிலேயரின் நாகரிகத்தில் ஊறியிருந்த மனிதரின் உள்ளம் நியூயார்க் நூலகம் ஒன்றில், எண்களின் நடுவே மாறியது.

1929-இல் அவர் தாயகம் திரும்பியபோது, கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்றார். சகோதரர்களும் அவ்வாறே செய்தார்கள். இளையவர் பாரதன் குமரப்பா பின்னாளில் காந்திஜியின் எழுத்துகளைத் தொகுக்கும் பெரும்பணியின் முதல் தலைமைப் பதிப்பாசிரியரானார். மூத்தவர் ஜே.எம். குமரப்பா, 1936-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து அதன் இயக்குநராகவும் விளங்கினார். செம்பூரை அடுத்த தேவனாரில் டாட்டா சமூகவியல் நிறுவனமாக அது வளர்ந்து நிற்கிறது.

சபர்மதியில் ஒரு மதியம்

தம் ஆய்வேட்டை வெளியிட விரும்பிய குமரப்பாவை நண்பர்கள் காந்திஜியிடம் செல்லுமாறு தூண்டினார்கள். பம்பாய் காம்தேவியில் உள்ள மணி பவனத்தில் கையெழுத்துப் படியை விட்டுவந்தார். 1929 மே 9-ஆம் நாள் பிற்பகல் 2.30 மணிக்கு சபர்மதி ஆசிரமத்துக்கு வருமாறு அழைப்பு வந்தது.

பட்டாடையும் கைத்தடியுமாகக் குறித்த நேரத்துக்கு முன்பே சென்ற குமரப்பா, ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். யாரோ ஆசிரமவாசி என்று நினைத்துக் கைத்தடியில் சாய்ந்தபடி காத்து நின்றார். சரியாக 2.30 மணிக்கு அந்த முதியவரே, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று விசாரித்தபோதுதான் அவர் யார் என்பது விளங்கியது. உடையின் மடிப்பைப் பொருட்படுத்தாமல் குமரப்பா தரையில் அமர்ந்தார். யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

ஆய்வேட்டை யங் இந்தியாவில் தொடராக வெளியிட காந்திஜி இசைந்தார். அதோடு குஜராத்தின் கிராமங்களில் ஒரு பொருளாதார ஆய்வு நடத்த முடியுமா என்றும் கேட்டார். குஜராத்தி தெரியாது என்று குமரப்பா தயங்கினார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் துணைக்கு வருவார்கள் என்று பதில் கிடைத்தது. வித்யாபீடத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த காகா காலேல்கர், மேனாட்டு உடையில் வந்து நின்றவரைப் பார்த்து முதலில் நம்பிக்கை கொள்ளவில்லை. குமரப்பாவும் மனம் சலித்து பம்பாய்க்குத் திரும்பிவிட்டார். காந்திஜி குறுக்கிட்டு மீண்டும் அழைத்த பிறகே பணி தொடங்கியது. கேடா மாவட்டம் மாதர் தாலுகாவின் 54 கிராமங்களில், கதர் உடுத்திய தணிக்கையாளர் வீடு வீடாகச் சென்றார். நிலம், விளைச்சல், கால்நடை, கடன், வரி ஆகிய அனைத்தும் குறிக்கப்பட்டன. பம்பாயில் கூலி என்ற தலைப்பின்கீழ் வெறும் எண்ணாக நின்றவர்கள் இங்கே முகங்களோடு எதிரில் அமர்ந்திருந்தார்கள்.

பேராயரும் தணிக்கையாளரும்

1930 மார்ச் 12-ஆம் நாள் தண்டி யாத்திரை தொடங்கியது. யங் இந்தியாவுக்கு எழுதும்படி காந்திஜி பணித்தபோது, கணக்குத்தான் தெரியும், பத்திரிகைத் தொழில் தெரியாது என்று குமரப்பா கூறினார். எழுத்து தகுதியானதா என்று பார்ப்பது ஆசிரியர் வேலை, அதைத் தாம் பார்த்துக்கொள்வதாக காந்திஜி பதிலளித்தார். சில வாரங்களில் ஆசிரியரே சிறை சென்றார். பத்திரிகையை நடத்தும் பொறுப்பு குமரப்பாவின்மீது விழுந்தது.

அவருடைய கிறிஸ்தவம் முதன்முதலாகப் பெரும் சோதனைக்கு உள்ளானது இந்தச் சமயத்தில்தான். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைமைப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு இயேசுவின் போதனைக்குப் பொருந்தாது என்று அறிவித்தார். அந்நாளில் கிறிஸ்தவர் பலர், ஆளும் அதிகாரங்கள் இறைவனால் ஏற்படுத்தப்பட்டவை என்று கூறும் பவுலடியாரின் உரோமர் நிருபத்தைச் சுட்டிக்காட்டி ஒதுங்கியே நின்றார்கள். சிறுபான்மைச் சமூகம், அரசாங்கத்தின் ஆதரவில் இயங்கும் பள்ளிகள், மருத்துவமனைகள்: அவர்களுடைய அச்சத்தை எளிதில் பழித்துவிட இயலாது. ஆனால் பேராயரின் வாக்கு அந்த அச்சத்துக்குச் சமயத்தின் முத்திரையைக் குத்திவிட்டது.

குமரப்பா மறுப்பு எழுதினார். பணிவான நடைதான், விட்டுக்கொடுக்காத வாதம். பகைவரை நேசி, அடித்தவருக்கு மறு கன்னத்தைக் காட்டு என்ற மலைப்பொழிவின் போதனையை, தனிமனிதரோடு நிறுத்திவிடாமல் ஒரு நாடே கைக்கொள்ள முயலும்போது, கிறிஸ்துவின் பெயரால் அதற்கு எதிராக நிற்பது எப்படி? தடியடியைத் தாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் நிற்கும் உப்பு சத்தியாகிரகி சிலுவைக்கு அருகில் இருக்கிறாரா, அல்லது தடியை ஓங்கும் அதிகாரத்துக்காக ஆலயத்தில் ஜெபிப்பவர் அருகில் இருக்கிறாரா? அவர் வாதத்தின் சாரம் இதுவே. கிறிஸ்தவப் பணியாளர்கள் போராட்டத்தில் சேராவிட்டாலும், வன்முறைக்கு எதிராகவாவது குரல் எழுப்ப வேண்டும் என்று அவர் வேண்டுகோள் விடுத்தார்.

தாம் பிறந்து வளர்ந்த திருச்சபையின் தலைமைக்கு எதிராக, அதே திருச்சபை கற்றுத்தந்த நூலை ஆதாரமாகக் கொண்டு ஒருவர் எழுந்து நின்ற நிகழ்ச்சி இது. அவர் சமயத்தை விட்டு வெளியேறவில்லை. சமயத்தைப் போராட்டத்துக்கு வெளியே நிறுத்திவைக்கவும் இல்லை. அக்காலத்துக் கிறிஸ்தவ இளைஞர்களுக்கு எதிரில் தெரிந்தவை இரண்டு வழிகள்: நம்பிக்கையை வீட்டோடு வைத்துக்கொண்டு அரசியலில் இறங்குவது, அல்லது அரசியலை விட்டுவிட்டு நம்பிக்கையைக் காப்பது. குமரப்பா இரண்டையும் ஏற்கவில்லை. 1931 பிப்ரவரியில் அவர் கைதானார். காந்தி-இர்வின் ஒப்பந்தத்தால் விரைவில் விடுதலை ஆனார். இந்தியாவின்மீது பிரிட்டன் சுமத்திய கடன்களை ஆராய காங்கிரஸ் அமைத்த குழுவைக் கூட்டிய பின்னர், 1932-இல் மீண்டும் சிறை, இம்முறை நாசிக்கில்.

பீகாரில் மூன்றணாக் கணக்கு

1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் மாண்டனர். ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் நடந்த நிவாரணப் பணிக்குப் பெருந்தொகை குவிந்தது. அதன் கணக்குப் பொறுப்பை ஏற்ற குமரப்பா, தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். காந்திஜி தம் குழுவினருடன் பாட்னா வந்தபோது, அவர்களுடைய உணவுச் செலவையும் மோட்டார் வண்டிச் செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று அவர் மகாதேவ தேசாயிடம் தெரிவித்துவிட்டார். உடன் இருந்தவர்கள் திகைத்தார்கள். செய்தி காந்திஜியின் காதுக்குப் போயிற்று. அவர் அந்த விதியை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

இதை வெறும் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டால் குமரப்பாவைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தப் பணம் வீடிழந்தவர்களுக்காக யாரோ கொடுத்தது. அதில் ஓரணாவை வேறு எதற்காவது திருப்பினால், அது மகாத்மாவின் தட்டில் சேரும் உணவாயினும், பசித்தவனிடமிருந்து எடுத்ததே ஆகும். பசித்தவருக்குச் செய்வதும் செய்யாமல் விடுவதும் தமக்கே செய்ததாகவும் செய்யாததாகவும் கருதப்படும் என்று இயேசுநாதர் உரைத்ததை ஆலயத்தில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கணக்கேட்டில் அதை எழுதிப் பார்த்தவர்கள் அரியர்.

மகன்வாடி

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் வார்தாவில் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்துக்கு மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி என்று பெயர். அடுத்த பல ஆண்டுகள் குமரப்பாவின் வீடும் ஆலயமும் ஆய்வுக்கூடமும் அதுவே. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அங்கு நடந்தவை பார்வைக்குச் சிறிய காரியங்கள். மரச்செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கணக்கு இருந்தது. ஆலையில் தீட்டிய அரிசி தவிட்டை இழக்கிறது. தவிட்டோடு அதிலுள்ள உயிர்ச்சத்தும் போய், தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களிடம் பெரிபெரி என்ற நோய் தோன்றுகிறது. அரிசி குத்தி வயிறு வளர்த்த பெண்கள் வேலையை இழக்கிறார்கள். ஆலை முதலாளியின் ஏட்டில் காணும் லாபம், கிராமத்தின் ஏட்டில் நோயாகவும் வேலையின்மையாகவும் பற்று எழுதப்படுகிறது. இரண்டு ஏடுகளையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மையான ஐந்தொகை தெரியும் என்பது குமரப்பாவின் வாதம். 1938 டிசம்பரில் காந்திஜி திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகம் வார்தாவில் இத்தொழில்களை எடுத்துக்காட்டியது.

பொருள்களுக்கு விலை மட்டும் அன்றி ஒழுக்க மதிப்பும் உண்டு என்பது அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்து. இதற்கு அவர் கூறும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று கோக்கோ பானம். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பால் விளைந்த கொட்டை, ஆயுத பலத்தால் காக்கப்படும் கடல்வழியாக வந்து ஒருவருடைய கோப்பையை அடைகிறது. அதை அருந்துபவர் எவரையும் அடித்ததில்லை, எவரையும் ஏமாற்றியதில்லை. ஆயினும் காசு கொடுத்து வாங்கிய கணத்தில் அந்தக் கொடுமையின் பங்காளி ஆகிறார். திருட்டுப் பொருளை வாங்குபவனைச் சட்டம் தண்டிக்கும்போது, வன்முறையில் விளைந்த பொருளை வாங்குபவனை மனச்சாட்சி ஏன் தண்டிக்கவில்லை? சந்தை தொலைவில் இருக்க இருக்க இந்தக் கேள்வி மங்கிவிடுகிறது. ஆகவேதான் அண்டையில் விளைந்ததை வாங்கு, செய்தவன் யார் என்று தெரிந்து வாங்கு என்றார். அயலானை நேசிக்க வேண்டுமானால் முதலில் அவன் முகம் தெரிய வேண்டும் அல்லவா?

இன்றைய நவி மும்பையில், வாஷியின் மொத்தச் சந்தையில் நின்று பார்ப்பவருக்கு இந்த வாதத்தின் கனம் நன்கு புலப்படும். தானியம், வெங்காயம், மிளகாய், பழம் என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லாரிகளில் வந்திறங்கும் மூட்டைகள் அங்கிருந்து செம்பூருக்கும் தாராவிக்கும் பிரிந்து செல்கின்றன. மூட்டையின்மேல் எடையும் விலையும் இருக்கும். அதை விளைவித்தவரின் கடனோ, தூக்கிச் சுமந்தவரின் கூலியோ மூட்டையில் எழுதப்படுவதில்லை. இரண்டு கோடி மக்கள் நெருங்கி வாழும் மாநகரம் அண்டைக் கிராமத்தை மட்டும் நம்பி உண்ண இயலாது என்பதும் உண்மை. குமரப்பாவின் திட்டம் பெருநகரத்துக்கு முழு விடை தந்துவிட்டது என்று சொல்ல இயலாது. அவர் எழுப்பிய கேள்விக்கு வேறு எவரும் விடை தந்துவிடவும் இல்லை.

சிறையில் பிறந்த இரு நூல்கள்

சுபாஷ் சந்திர போஸின் முயற்சியால் 1938-இல் நேருஜியின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பா இடம்பெற்றார். பெருந்தொழில்களை மையமாகக் கொண்ட போக்கு தமக்கு உடன்பாடில்லாததால் சில மாதங்களில் விலகினார். போர் வந்தது. இந்தியாவின் தானியத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக லண்டனில் முடங்கிய ஸ்டெர்லிங் பத்திரங்களை பிரிட்டன் குவித்துவந்ததை அவர் கடுமையாகச் சாடினார். போர் முடிந்தபோது அந்தக் கடன் சுமார் 130 கோடி பவுனாக உயர்ந்திருந்தது. இடையில் 1943-இல் வங்காளம் பஞ்சத்தில் மடிந்தது. அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கும் தந்தை உண்டோ என்று நற்செய்தியில் வரும் வினா, அந்தக் காகிதப் பத்திரங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது!

1942 போராட்டத்தை ஒட்டி அவர் மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் உடல் நலிந்தது. அங்கே அவர் எழுதிய இரண்டு நூல்கள் 1945-இல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் நடைமுறையையும் போதனையையும் பற்றியது; மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இவை இரண்டும் ஒரே சிறையில், ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதை ஆய்வாளர்கள் பலர் கவனிப்பதில்லை. முதல் நூலைச் சமய அலமாரியிலும் இரண்டாவதைப் பொருளாதார அலமாரியிலும் வைத்துவிடுகிறார்கள்.

முதல் நூலில் அவர் திருச்சபைகளின் கோட்பாட்டுச் சர்ச்சைகளை ஒதுக்கிவிட்டு, இயேசு என்ன செய்தார், என்ன செய்யச் சொன்னார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இறைவன் தந்தை என்பது உண்மையானால் மனிதர் அனைவரும் சகோதரர். சகோதரனின் பங்கைத் தின்றுவிட்டுத் தந்தையை வணங்க இயலாது. இரண்டாம் நூல் இதே உண்மையை இயற்கையில் காண்கிறது. புலி ஆட்டைக் கொன்று வாழ்கிறது. தனக்கு உணவு தந்த உயிரையே அழிக்கும் இது ஒட்டுண்ணிப் பொருளாதாரம். குரங்கு மாந்தோப்பில் புகுந்து, எதையும் வளர்க்காமல் பறித்துத் தின்கிறது. இது பறிப்புப் பொருளாதாரம். தேனீ மலரில் தேனை எடுக்கும்போதே மகரந்தத்தைச் சேர்த்து மலரைக் காய்க்கச் செய்கிறது. பெற்றதற்கு ஈடு கொடுக்கும் முயற்சிப் பொருளாதாரம் இது. அதே தேனீ தனக்காக அன்றிக் கூட்டுக்காகத் தேனைச் சேர்ப்பது அடுத்த படி. எல்லாவற்றுக்கும் மேலே, குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. எதையும் திரும்பப் பெற எண்ணாத சேவைப் பொருளாதாரம். மனிதன் இந்த ஐந்து படிகளிலும் நிற்க வல்லவன். எதில் நிற்பது என்பது அவனுடைய தேர்வு.

நிலக்கரி, எண்ணெய், கனிமம் ஆகியவை எடுக்க எடுக்கத் தீரும் தேக்கம்; நதி, காடு, பயிர் ஆகியவை முறையாகக் கையாண்டால் என்றும் வரும் ஓட்டம். தேக்கத்தை நம்பிய நாகரிகம் அதற்காகப் போரிட்டே தீரும். அகிம்சையை விரும்புபவன் ஓட்டத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் என்ற சொல்லே வழக்கில் பரவாத காலத்தில், போர் நடுவே, கைதி ஒருவர் எழுதியது இது. இந்த நூலை இரண்டு மூன்று முறை கவனமாகப் படிக்க வேண்டும் என்று காந்திஜி முன்னுரையில் குறிப்பிட்டார். கிராமத் தொழில்களின் டாக்டர் என்று விளையாட்டாகப் பட்டமும் சூட்டினார். 1973-இல் வெளிவந்த சிறியதே அழகு என்னும் நூலில் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் குமரப்பாவை எடுத்தாண்டபோது, மேலைநாட்டு வாசகர்கள் பலர் அப்பெயரை முதன்முதலாக அறிந்தனர்.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றது. குமரப்பாவின் தணிக்கை நிற்கவில்லை. ஏடு மட்டும் மாறியது. அவர் தலைமையில் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழு 1949-இல் அறிக்கை தந்தது. உழுபவனுக்கே நிலம், இடைத்தரகர் ஒழிப்பு என்று அது வலியுறுத்தியது. அறிக்கை பாராட்டப்பட்டது, அதன் பரிந்துரைகளில் பெரும்பகுதி ஏட்டளவில் தங்கிவிட்டது. பழைய சிறைத்தோழர்கள் அமைச்சர்களாக இருந்தார்கள். அவர்களிடமும் அவர் சொற்களை மென்மையாக்கவில்லை. தலைநகரில் மாட்டுவண்டியில் சென்ற அவரைக் காவலர் தடுத்ததையும், வண்டிகளுக்கு ஆபத்து நேராமல் காக்கத்தான் தடை என்று விளக்கம் வந்தபோது, அப்படியானால் ஆபத்தை விளைவிக்கும் லாரிகளை அல்லவா தடுக்க வேண்டும் என்று அவர் கேட்டதையும் நண்பர்கள் பல காலம் சொல்லி மகிழ்ந்தார்கள். அதைக் கேட்டவர்கள் எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள் என்று எண்ண இடமில்லை.

1951-இல் சீனாவுக்கும் பின்னர் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்து, அங்கு கண்ட நிலச்சீர்திருத்தத்தைப் பாராட்டினார். கிறிஸ்தவர்கள் சிலருக்கு அது அதிர்ச்சி, அரசினருக்கு ஐயம். அந்த நாடுகளில் மண்ணுக்கடியில் மறைந்திருந்த துன்பத்தை அவர் காணவில்லை என்பது இன்று நமக்குத் தெரிகிறது. பிரிட்டிஷ் ஏடுகளில் சல்லிக்காசையும் விடாத கண், விருந்தினராகச் சென்ற இடத்தில் காட்டப்பட்டதை நம்பிவிட்டது. வயிறு நிறையாதவனிடம் சுதந்திரம் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டா என்ற தவிப்பே அவரை அந்தப் பக்கம் சாய்த்தது என்று தோன்றுகிறது.

இரத்த அழுத்தம் அவரை வாட்டியது. மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில், கோ. வேங்கடாசலபதி 1940-இல் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து ஒரு குடிலில் தங்கினார். லண்டன், பம்பாய், நியூயார்க், வார்தா ஆகியவற்றைச் சுற்றிவந்த வாழ்க்கை கரிசல் பூமியில் வந்து நின்றது. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள்; அவர் எழுதினார், வந்தவர்களுடன் வாதிட்டார், நேரம் தவறி வந்தவர்களைக் கண்டித்தார். கோபம் அவரிடம் கடைசிவரை இருந்தது. பணிவைப் போற்றும் சமயத்தின் வழி நின்றவர் இப்படிச் சினக்கலாமா என்று நண்பர்களே கேட்டதுண்டு. ஆலயத்தில் காசு மாற்றுவோரின் பலகைகளைக் கவிழ்த்த இயேசுவையும் நற்செய்தி காட்டுகிறது.

அக்குடிலின் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று காந்திஜியின் படம். வந்த ஒருவரிடம் குமரப்பா அதைக் காட்டித் தம் எஜமானர் என்று அறிமுகம் செய்தார். மற்றது ஏழைக் கிராமவாசி ஒருவரின் படம். அது யார் என்று கேட்டபோது, தம் எஜமானருக்கு எஜமானர் என்று கூறினார்.

1957-இல் தம்பி பாரதன் மறைந்தார். குமரப்பாவின் உடல்நிலை மேலும் தளர்ந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்திஜி உயிர்நீத்த அதே தேதியில், 68-ஆம் வயதில் காலமானார்.